தனிச்சுற்றுக்கு மட்டும்

கணினி, கைபேசி பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வந்தவை பெரும்பாலும் இரண்டு ரகம். 'இனி எவனும் எழுதலாம், எவனும் வெளியிடலாம்' என்கிற பரவசம் ஒரு பக்கம். 'ஏகாதிபத்தியத்தின் புதிய ஆயுதம்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிற பழைய பழக்கம் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே கருவியைத் திறந்து பார்ப்பதில்லை. அச்சைப் பற்றி எழுதுகிறவர் ட்ரெடில் எப்படி ஓடும், எழுத்து எப்படிக் கோர்ப்பார்கள், புரூப் எப்போது வரும் என்பதையெல்லாம் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருப்பார். கைபேசியைப் பற்றி எழுதுகிறவருக்கு ஒரு செயலி கணினியிலிருந்து கைபேசிக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றுவதில்லை. அந்தப் பாதையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பாதை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மூன்றடி நீளமுள்ள கேபிள். அந்த மூன்றடிக்குள் எத்தனை சுங்கச்சாவடி என்பதுதான் விஷயம்.

முதலில் கணினி. ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதுகிறார். கம்பைலர் அதை இயந்திரத்துக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஓட்டிப் பார்க்கிறார். ஓடுகிறது, அல்லது ஓடவில்லை. இதில் மூன்றாம் ஆள் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் பர்சனல் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்ததிலிருந்து இப்படித்தான். இதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்துச் சண்டை போட்டவர்கள் ரிச்சர்ட் ஸ்டால்மன் மாதிரிக் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு அது காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. கைபேசியும் ஒரு கணினிதான். செயலியும் ஒரு நிரல்தான். பிறகு எங்கே வந்தது மூன்றாம் ஆள்?

2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது வெளியாள் எவரும் அதற்குச் செயலி எழுத வழியே கிடையாது. இணையப் பக்கங்களாகச் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். சிலர் பூட்டை உடைத்துத் தங்கள் நிரல்களை உள்ளே ஏற்றினார்கள். அதற்கு 'ஜெயில்பிரேக்' என்றே பெயர் வந்தது. சொந்தக் காசில் வாங்கிய பொருளுக்குள் நுழைவதற்கு 'சிறையுடைப்பு' என்கிற சொல் எவ்வளவு இயல்பாகப் பொருந்திப் போய்விட்டது பாருங்கள். அவ்வருட அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறங்கி வந்து, வெளியாட்களும் எழுதக் கருவிகள் தருகிறோம் என்று அறிவித்தார். 2008 ஜூலையில் 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. கதவு திறந்தாகிவிட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். கதவோடு சேர்த்து ஒரு வாயில்காவலும் வந்தது. கைதட்டல் சத்தத்தில் அது பலருக்குத் தெரியவில்லை.

வாயிற்காவல் எப்படி வேலை செய்கிறது? ஐபோனுக்குச் செயலி கட்டி ஏற்ற ஆப்பிளின் மேக் கணினி வேண்டும். எக்ஸ்கோட் என்கிற கருவி அதில்தான் ஓடும். நிரலை எழுதி, கேபிளைச் செருகி, ஓட்டு என்று அழுத்துகிறோம். கைபேசி கேட்கிறது: இந்தக் கணினியை நம்புகிறாயா? நம்புகிறோம். அடுத்து 'டெவலப்பர் மோட்' என்பதைத் திறக்க வேண்டும். 2022-ல் வந்த ஐஓஎஸ் 16-லிருந்து இது கட்டாயம். திறந்தால் கைபேசி ஒருமுறை அணைந்து எழும். இதற்கிடையில் கணினிக்குள் முக்கியமான சடங்கு ஒன்று நடக்கிறது. செயலியின் முழு உடலையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு சின்ன எண்தொடராகச் சுருக்குகிறார்கள். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். அதை எழுதியவரின் ரகசியச் சாவியால் முத்திரையிடுவதற்குத்தான் கையெழுத்து என்று பெயர். அந்தச் சாவி இன்னாருடையது என்று ஆப்பிள் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கும். இந்தச் செயலி, இந்த ஆள், இந்தக் கைபேசிகள், இன்னின்ன உரிமைகள் என்று எழுதிய ஓர் அனுமதிச்சீட்டும் செயலியின் வயிற்றுக்குள் வைத்துத் தைக்கப்படும். புரொவிஷனிங் புரொஃபைல் என்பார்கள். சான்றிதழ் சரியில்லை, சீட்டில் அந்தக் கைபேசியின் எண் இல்லை, அல்லது தேதி தாண்டிவிட்டது என்றால் செயலி திறக்காது. காசு கட்டாதவருக்கு இந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். எட்டாம் நாள் அவர் எழுதிய செயலி அவருடைய கைபேசியிலேயே சவமாகக் கிடக்கும். மறுபடி கணினி, மறுபடி கேபிள். வருடத்துக்கு 99 டாலர் கட்டினால் சீட்டின் ஆயுள் ஒரு வருடம்.

இதில் ஓர் அபத்தம் இருக்கிறது, அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. நான் இன்னும் யாருக்கும் எதையும் வெளியிடவில்லை. கடையில் வைக்கவில்லை. என் கணினியில் எழுதியதை என் கைபேசியில் ஓட்டிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். எழுதியவனும் நானே, வாசகனும் நானே. அரங்கேற்றம் என்கிற மரபு நமக்குத் தெரியும். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகத்தான் அதன் பாயிரம் சொல்கிறது. தகுதியுள்ளதற்கு மட்டும் இடம் கொடுக்கும் சங்கப்பலகைக் கதையும் உண்டு. மரபிலக்கிய வகுப்பில் இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவை என்பது யாருடைய அவை, பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் யார் என்கிற கேள்விகளைப் பிற்பாடு நாமேதான் கேட்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பழைய அவைக்கு ஓர் எல்லை இருந்தது. பனுவல் உலகத்துக்குப் போகும்போது அவை குறுக்கிட்டது. புலவன் தன் வீட்டுத் திண்ணையில் தன் ஓலையைத் தானே வாசித்துப் பார்ப்பதை எந்தப் பாண்டியனும் தடுத்ததாகக் கதை இல்லை. கடைக்கு முன்னால் வரும் ஆப்பிளின் 'ரிவ்யூ' அரங்கேற்றம் என்றால், கேபிளில் நடப்பது அதைவிட முந்தியது. பலகை திண்ணைக்கே வந்துவிட்டது.

ஆண்ட்ராய்டின் கதை வேறு. அங்கே அமைப்புகளுக்குள் போய் 'பில்ட் நம்பர்' என்கிற வரியை ஏழு தடவை தட்ட வேண்டும். தட்டினால், நீ இப்போது டெவலப்பர் என்று கைபேசியே அறிவிக்கும். (ஞானஸ்நானம் மாதிரித்தான். ஏழு என்கிற எண் இங்கேயும் வருவதற்குத் தத்துவம் தேட வேண்டாம்.) யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து, கேபிளைச் செருகி, ஏடிபி என்கிற சின்னக் கருவியிடம் இதை ஏற்று என்று சொன்னால் ஏற்றிவிடும். காசு கிடையாது. மேக் வேண்டாம், எந்தக் கணினியும் போதும். கேபிள்கூட வேண்டாம், ஏபிகே என்கிற அந்தக் கோப்பைப் புளூடூத்திலோ மெமரி கார்டிலோ கொடுத்து, எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டிலும் கையெழுத்து உண்டு. அது இல்லாமல் எந்தச் செயலியும் ஏறாது. ஆனால் அந்தக் கையெழுத்தின் பொருளே வேறு. சாவியை எழுதுகிறவரே செய்துகொள்ளலாம், எந்தச் சான்றிதழ் நிறுவனத்தையும் கேட்க வேண்டாம். சாவிக்குள் என்ன பெயரும் போடலாம். கைபேசி பார்ப்பது ஒன்றே ஒன்று: முன்பு வந்த செயலியில் இருந்த அதே கைதானா, இப்போது அதன் புதிய பதிப்பைக் கொண்டுவருவது? அதே கை என்றால் உள்ளே விடும், வேறு கை என்றால் தடுத்துவிடும். கையின் சொந்தக்காரர் யார், எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று கேட்காது.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று இங்கே எவ்வளவு சண்டை நடந்தது! பார்த் 1967-ல் எழுதியதை நாம் இருபது வருஷம் கழித்துப் பிடித்துக்கொண்டு, செத்தானா இல்லையா என்று நாடி பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சந்தடியில் ஃபூக்கோ 1969-ல் 'ஆசிரியன் என்றால் என்ன' என்று பேசியதன் கூர்மை கொஞ்சம் அடிபட்டுப் போனது. எழுதியவனைத் தண்டிக்க வேண்டும் என்று வந்தபோதுதான் பிரதிகளுக்கு நிஜமாக ஆசிரியன் என்றொருவன் தேவைப்பட்டான் என்பது அவர் வாதம். ஆசிரியப் பெயர் வேறு, சிவில் பதிவேட்டில் உள்ள மனிதன் வேறு என்று அவர் பிரித்ததும் இங்கே பொருந்தும். ஆண்ட்ராய்டின் பழைய கையெழுத்து முதல் வகை. இந்தப் பிரதிகளெல்லாம் ஒரே கையிலிருந்து வருகின்றன என்கிற தொடர்ச்சியை மட்டும் உறுதி செய்வது. அதாவது புனைபெயர். புனைபெயருக்கும் ஒரு நம்பகம் உண்டு, வாசகர்கள் அதைத் தொடர்ந்து படித்து நம்புவார்கள் என்பதைச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆப்பிளின் கையெழுத்து இரண்டாம் வகை. ஆளைக் காட்டு என்கிறது.

இந்த இரண்டாம் வகை இப்போது ஆண்ட்ராய்டையும் விழுங்குகிறது. 2021 ஆகஸ்டிலிருந்து கூகுள் பிளேயில் புதிதாக வரும் செயலிகளுக்குக் கடைசிக் கையெழுத்தைப் போடும் சாவியே கூகுளின் பொறுப்பில் வைக்கப்பட வேண்டும் என்றானது. எழுதுவது நீ, கையெழுத்துப் போடுவது அவர்கள். அதாவது கடையில். கடைக்கு வெளியே பழைய வழி இருந்தது. 2025 ஆகஸ்டில் கூகுள் அடுத்த அறிவிப்பைச் செய்தது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் செயலிகளை, அவை கடைக்கு வெளியிலிருந்து வந்தாலும், அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்களே எழுதியிருக்க வேண்டும். சட்டப்படியான பெயர், முகவரி, தொலைபேசி எண், தேவைப்பட்டால் அரசு அடையாள அட்டை. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிப்பது என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். ஆரம்பம் எந்த நாடுகளில் என்பதைக் கவனிக்க வேண்டும். 2010-லிருந்து சுதந்திர மென்பொருள்களை மட்டும் திரட்டித் தரும் எஃப்-டிராய்ட், இது எங்கள் கழுத்துக்குக் கத்தி என்று சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில், விவரம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து போக ஒரு தனிவழி வைக்கிறோம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கியது. இந்தக் கடை தாண்டிய வழிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சைட்லோடிங்': பக்கவாட்டில் ஏற்றுவது. நேர்வழி கடை, மற்றதெல்லாம் கொல்லைப்புறம் என்று அந்தச் சொல்லே முடிவு கட்டிவிடுகிறது. கணினியில் இதையே முப்பது வருஷமாக 'இன்ஸ்டால்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நமக்கு இது புதுசில்லை. 1867-ன் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் என்ன கேட்டது? அச்சிடும் ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர்; பருவ இதழ் என்றால் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி. எழுதியதைத் தடை செய் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பெயரை மட்டும் கொடு என்றது. பெயர் கையில் இருந்தால் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1908-ல் 'இந்தியா' பத்திரிகைக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகை பிரெஞ்சு எல்லைக்குள் அச்சாகி இந்தப் பக்கம் வந்தது. இன்றைய மொழியில் சொன்னால் சைட்லோடிங். அந்த 1867 சட்டம் சுதந்திர இந்தியாவிலும் உயிரோடு இருந்து, 2023-ல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோதுதான் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் சிறுபத்திரிகைகள் கண்டுபிடித்த சந்துதான் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்கிற மூன்றாம் பக்கத்து வரி. பதிவு எண் இல்லை, தபால் சலுகை இல்லை, கடையில் தொங்காது. ஆனால் கைமாறிக் கைமாறிப் போகும். தமிழில் முக்கியமான பல விவாதங்கள் அந்த வரிக்குக் கீழேதான் நடந்தன.

ஆப்பிளும் தனிச்சுற்று வைத்திருக்கிறது. குறிப்பிட்ட கைபேசிகளுக்கு மட்டும் என்றால் வருடத்துக்கு ஒவ்வொரு கருவி வகைக்கும் 100. 'டெஸ்ட்ஃப்ளைட்' வழியாக வெளியாட்கள் 10,000 பேர்வரை, ஒவ்வொரு பதிப்பும் 90 நாள். நூறு பிரதிக்கு மேல் போனால் சொல்லு, தொண்ணூறு நாள் கழித்துப் பத்திரிகையைத் திருப்பிக் கொடு என்கிற மாதிரி. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குச் செயலி கொடுக்கத் தனிச் சான்றிதழும் உண்டு. 2019 ஜனவரியில் ஃபேஸ்புக் அதைத் தவறாகப் பயன்படுத்தியது. பதின்பருவத்தினர் உட்படச் சிலருக்குக் காசு கொடுத்து, அவர்கள் கைபேசியில் நடப்பதையெல்லாம் உறிஞ்சும் செயலி ஒன்றை இந்த வழியாக நிறுவவைத்தது. ஆப்பிள் சான்றிதழை ரத்து செய்தது. அந்த நிமிடமே ஃபேஸ்புக் ஊழியர்களின் உள்வட்டச் செயலிகள் எல்லாம், கேன்டீனில் இன்று என்ன சாப்பாடு என்று காட்டுவது உட்பட, உயிரை விட்டன. ஃபேஸ்புக்குக்காக நாம் அழ வேண்டியதில்லை. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கே ஒரு சான்றிதழ் போனால் இந்தக் கதி என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

கம்பெனி இல்லாதவர்களுக்கு? 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் எங்கே நிற்கிறது என்று பகிர்ந்துகொண்ட வரைபடச் செயலியை ஆப்பிள் கடையிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தைய நாள்தான் சீனக் கட்சிப் பத்திரிகை கண்டித்திருந்தது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் வாக்குப்பதிவு தொடங்கிய அன்று நவால்னி தரப்பின் வாக்காளர் செயலியை ஆப்பிள், கூகுள் இரண்டும் எடுத்தன. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் குடியேறிகளைப் பிடிக்க வரும் அதிகாரிகளின் நடமாட்டத்தைச் சொல்லும் 'ஐஸ்பிளாக்' செயலி, அந்நாட்டு அட்டர்னி ஜெனரல் கேட்டதன்பேரில் ஆப்பிள் கடையிலிருந்து போனது. சர்வாதிகாரம், ஜனநாயகம் என்கிற வித்தியாசம் இந்த வாயிலில் நிற்பதில்லை. ஒரு வாயில்தான் இருக்கிறது, அங்கே ஒரு காவலாள் இருக்கிறான் என்றால் எந்த அரசுக்கும் வேலை சுலபம். கட்டலோனியாவில் 2019-ல் 'சுனாமி டெமாக்ரடிக்' இயக்கத்தார் வேறு மாதிரி யோசித்தார்கள். கடைக்கே போகவில்லை. ஆண்ட்ராய்டு கோப்பை நேரடியாக விநியோகித்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் தோழர் ஒருவர் தன் கைபேசியில் உள்ள க்யூஆர் கட்டத்தைக் காட்டினால்தான் புதியவரின் செயலி உயிர்பெறும். நம்பிக்கை ஆளிடமிருந்து ஆளுக்கு. ஸ்பெயின் போலீஸ் கேட்டு, கோப்பு வைத்திருந்த கிட்ஹப்பில் அதைப் பார்ப்பதை அந்நாட்டுக்குள் முடக்கினார்கள். அதற்குள் கோப்பு பல கைகளுக்குப் போயிருந்தது. ஐபோன்காரர்களுக்கு இப்படி ஒரு வழி கிடையாது.

இங்கேயும்தான். 2023 மே மாதம் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி இந்திய அரசு தடுத்த 14 செய்திச் செயலிகளில் பிரையர் ஒன்று. இணையம் துண்டிக்கப்பட்டாலும் புளூடூத், வைஃபை வழியாகப் பக்கத்திலிருப்பவருக்குச் செய்தி கடத்துவது அது. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்பார்: அப்ப பாதுகாப்பு? கேட்க வேண்டிய கேள்விதான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் வரும் ஏபிகேயைத் தட்டிவிட்டு வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களிடம் போய் 'சைட்லோடிங் விடுதலை' என்று பேசினால் அடிக்க வருவார்கள், அடிக்கவும் வேண்டும். ஆனால் வாயிற்காவல் உள்ள வழியில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? கடன் கொடுத்து, தொடர்புப் பட்டியலை உருவி, உருவிய எண்களுக்கெல்லாம் அசிங்கமான படங்கள் அனுப்பிப் பலரைத் தற்கொலைவரை தள்ளிய கடன் செயலிகள் கூகுள் பிளேயிலேயே இருந்தன. பிறகு ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். 2015-ல் சீனாவில் எக்ஸ்கோட் கருவியின் போலிப் பிரதி ஒன்று பரவியது. மூலப்பிரதியைத் தரவிறக்க மணிக்கணக்கில் ஆனதால் பலர் உள்ளூரில் கிடைத்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் கட்டிய செயலிகளில் எழுதியவருக்கே தெரியாமல் வேறு நிரல் கலந்துவிட்டது. வீசாட் உட்படப் பல செயலிகள் அப்படியே, முறையான கையெழுத்தோடு, ஆப்பிளின் பரிசோதனையையும் தாண்டிக் கடைக்குப் போயின. கையெழுத்து ஆளைச் சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது. பெயரையும் முகவரியையும் வாங்கி வைத்துக்கொண்டால் மோசடிக்காரன் பயப்படுவான் என்பது அவர்கள் வாதம். மோசடிக்காரன் வாடகைக்கு ஒரு பெயர் வாங்கிக்கொள்வான், நம் ஊரில் வங்கிக் கணக்கையே வாடகைக்கு வாங்குகிறவர்கள் அவர்கள். நிஜமாகப் பயப்படப் போவது தன் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்.

பணக் கணக்கையும் ஒரு வரி சொல்லிவிடலாம். கடை வழியாக விற்பதில் 30 சதவீதம் வரை கமிஷன் என்கிற சண்டையில்தான் 2020-ல் எபிக் நிறுவனம் ஆப்பிளோடு கோர்ட்டுக்குப் போனது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் கூகுள் இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கடையிலிருந்து தூக்கியபோது நம் சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் அதில் இருந்தது. மத்திய அமைச்சர் தலையிட்டுச் சில நாளில் திரும்ப வைத்தார்கள். வரன் பார்க்கும் கம்பெனிக்கு அமைச்சர் வருவார். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024-லிருந்து ஐபோனில் வேறு கடைகளை அனுமதிக்க வைத்ததும் பெரும்பாலும் இந்த முதலாளிகளுக்கு இடையிலான வழக்குதான். அந்தக் கடைகளுக்குப் போகும் செயலிகளுக்கும் ஆப்பிளின் முத்திரை வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது.

ஒரு துப்புரவுத் தொழிலாளர் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் எந்த நாளில் எவ்வளவு கூலி கொடுத்தார், கையுறை கொடுத்தாரா, யாரை மலக்குழிக்குள் இறக்கினார் என்று தேதியும் இடமும் படமுமாகப் பதிந்துகொள்ளும் ஒரு சின்னச் செயலியை, கம்ப்யூட்டர் படித்த ஒரு தொழிலாளியின் மகள் எழுதுகிறாள். நாற்பது பேர் கைபேசியில் இருந்தால் போதும், கடைக்குப் போக அவசியமில்லை. இன்றைக்கு ஆண்ட்ராய்டில் அவள் ஒரு சாயங்காலத்தில் நாற்பது கைபேசியிலும் ஏற்றிவிடுவாள், பெயர் சொல்லாமல். அவளுடைய சட்டப்படியான பெயரும் வீட்டு முகவரியும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றால், அந்தப் பதிவேட்டை ஓர் உத்தரவு போட்டு யார் கேட்டு வாங்கலாம் என்பது ஒப்பந்தக்காரருக்குத் தெரியும், உள்ளூர் கவுன்சிலருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

புதிய ஏற்பாட்டிலும் கேபிள் வழியை, அதாவது கணினியிலிருந்து ஏடிபி மூலம் ஏற்றுவதை, விட்டுவைக்கிறோம் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. டெவலப்பர்கள் பரிசோதித்துப் பார்க்க வேண்டுமே, அதற்காக. கணினி வைத்திருப்பவருக்குச் சலுகை. கைபேசி மட்டும் வைத்திருப்பவருக்குச் சரிபார்ப்பு. அந்த நாற்பது பேர் வீட்டில் யாரிடம் கணினி இருக்கும் என்று தேடினால் ஒன்று அகப்படும்: 2011-லிருந்து தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி. பேட்டரி போயிருக்கும், சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டால் ஓடும். ஏடிபி சில மெகாபைட்டுகள்தான், அதில் ஓடும். டேட்டா போகிற கேபிள் ஒன்று வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு கேபிள்களில் கணினிக்குக் கைபேசி தெரியவே தெரியாது.